மூணு ரூபாயும் முப்பது லட்சமும்

வூட்டை விட்டுப் போவணும்னு தோணினவன் எல்லாம் காலங்காலமா வந்து சேர்ற ஊரு இந்தத் திருவண்ணாமலை, தம்பி. காவி கட்டினவன், தாடி வச்சவன், ஜெர்மனியில வேலையை விட்டுட்டு செங்கம் ரோட்டுல சைக்கிள் மிதிக்கிறவன், எல்லாரும் எங்கியோ ஒரு வூட்டுக் கதவை சாத்திட்டு வந்தவங்கதான். அப்பேர்ப்பட்ட ஊருல பொறந்துட்டு, இருபத்தெட்டு வயசுல, "தாத்தா, நான் நைனா அம்மாகூடவே இருக்கறதா, தனியாப் போயி வூடு வாங்கறதா"ன்னு என்னைக் கேக்கற. ரமணாசிரமத்து மயிலு சிரிக்கும்டா.

சரி, கேட்டுட்ட. சொல்றேன். ஃபீஸ் ஒரு டீ, சக்கரை தூக்கலா. உங்க ஆயாகிட்ட மட்டும் சொல்லிடாதே.

உன் நெலமை எனக்குத் தெரியாதா? ரமணா நகர்ல உங்க நைனா கட்டின வூடு. கீழே அவரு. மாடியில பாதி வெள்ளைக்காரம்மாவுக்கு வாடகை, மீதிப் பாதியில நீயும் உன் லேப்டாப்பும். கம்பெனி பெங்களூருல, தோசை இங்க. அம்மா கூப்பிட்டா மீட்டிங். நைனா கூப்பிட்டா மீட்டிங். சோறு ரெடின்னு குரல் வந்தா மட்டும் மீட்டிங் முடிஞ்சிடுது. இப்படி நல்லாப் போய்க்கினு இருந்த வாழ்க்கையில உங்க சித்தப்பா வந்து, "இன்னும் அப்பன் வூட்டு சோறுதானா?"ன்னு ஒரு வார்த்தை விட்டாரு. அன்னிக்கு ராத்திரியே நீ வூட்டுக்கடன் கணக்குப் போட ஆரம்பிச்சுட்ட. சித்தப்பன் வாய்க்காக இருபது வருஷம் வட்டி கட்டப்போற மொத ஆளு நீ இல்லை, கவலைப்படாதே.

மொதல்ல ஒண்ணைப் பிரிச்சுக்கோ. வூட்டை விட்டுப் போறது ஒரு காரியம். வூடு வாங்கறது வேற காரியம். ஊருக்காரன் ரெண்டையும் ஒரே முடிச்சா போட்டு உன் கழுத்துல மாட்டறான். வாங்கினாதான் ஆம்பளை, வாங்கினாதான் வெளிய போவலாம்னு. இந்த முடிச்சை அவுத்துக் காட்டினவரு ஒருத்தரு நம்ம தெருவுலயே இருந்தாரு. நீ தெனம் அந்த வாசலைத் தாண்டி ஹாரன் அடிச்சிக்கினு போற.

தெரிஞ்ச கதைன்னு தலையாட்டாதே. பக்திப் புஸ்தகத்துல படிச்சிருப்ப, வூட்டுக் கணக்கா ஒரு தடவை கேளு. 1896 ஆகஸ்ட் 29, மதுரை சொக்கப்ப நாயக்கன் தெரு. பதினாறு வயசுப் பையன் வேங்கடராமன், பின்னாடி ரமண மகரிஷி ஆனவரு. தகப்பனாரு சுந்தரமய்யர் போயி நாலு வருஷம். சித்தப்பா வூட்டுல இருந்து படிப்பு. இங்கிலீஷ் இலக்கணத்தை மூணு தடவை எழுதுன்னு பள்ளிக்கூடத்துல தண்டனை. ரெண்டு தடவை எழுதிட்டு, மூணாவதுல பேனாவை வச்சுட்டு கண்ணை மூடி உக்காந்துட்டாரு. பாத்த அண்ணன் நாகசாமிக்குக் கோவம். இப்படி இருக்கறவனுக்கு இந்தப் புஸ்தகமும் வசதியும் எதுக்குங்கற மாதிரி ஒரு வார்த்தை கேட்டுட்டாரு. பாத்தியா, அங்கயும் ஒரு வார்த்தைதான். ஆனா பையன் பேங்குக்கு ஓடலை. ஸ்பெஷல் கிளாஸ் இருக்குது, போவணும்னாரு. பொய்யி சொல்லத் தெரியாத சாமின்னு நெனச்சிக்காதே! அண்ணன், அப்படியே என் காலேஜ் ஃபீஸ் அஞ்சு ரூபாயையும் எடுத்துக்கினு போயி கட்டிடுன்னாரு. பையன் பழைய மேப்பு ஒண்ணைப் பிரிச்சுப் பாத்தாரு. திருவண்ணாமலைக்குக் கிட்டத்து ஸ்டேஷன் திண்டிவனம்னு அதுல இருந்துது. கணக்குப் போட்டாரு, மூணு ரூபா போதும். மூணை எடுத்துக்கினு, மீதி ரெண்டையும் ஒரு சீட்டையும் வச்சுட்டுக் கெளம்பிட்டாரு. என்னைத் தேடாதீங்க, ஃபீஸ் இன்னும் கட்டலைன்னு சீட்டுலயே கணக்கு ஒப்படைச்சாச்சு.

மேப்பு பழசு, தம்பி. விழுப்புரத்துலேர்ந்து நம்ம ஊருக்கே ரயில் விட்டாச்சு, அது அந்த மேப்புல இல்லை. பையன் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்து, விழுப்புரத்துலயே எறங்கி, காசு தீந்து, நடந்து, திருக்கோவிலூர் கீழூர்ல கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வச்சு, செப்டம்பர் 1ஆம் தேதி இங்க வந்து இறங்கினாரு. கையில மிச்சம் இருந்த காசையும் அய்யங்குளத்துல வீசிட்டாரு. அதோட அவரோட வரவு செலவு முடிஞ்சுது. முன்பணம் கிடையாது, ஜாமீன் கிடையாது, சிபில் ஸ்கோர் கிடையாது. ஆயிரங்கால் மண்டபம், அதுக்குக் கீழ இருட்டுல பாதாள லிங்கம், அதான் மொத வூடு. நீயும் அப்படிப் போன்னு நான் சொல்லலை. உனக்கு ஏ.சி. இல்லாத ரூம்ல ஒரு மீட்டிங் ஓடாது. நான் சொல்றது, வேணுங்கறதை மட்டும் எடுத்துக்கினு, மீதியை வச்சுட்டு, கணக்கையும் எழுதி வச்சுட்டுப் போனாரே, அந்த நாணயம். உங்கம்மா வூட்டுச் செலவுக்கு நீ மாசம் எவ்ளோ குடுக்கறன்னு எங்கனா எழுதி வச்சிருக்கியா? சும்மா கேட்டேன், டீயைக் குடி.

கதை இன்னும் இருக்குது. ரெண்டு வருஷம் கழிச்சு, 1898 டிசம்பர்ல, அம்மா அழகம்மாள் பெரிய பிள்ளையோட பவழக்குன்றுக்கு வந்து, வாடா வூட்டுக்குன்னு அழுதாங்க. பையன் அசையலை, வாயும் தெறக்கலை. நடக்கறது நடந்தே தீரும்ங்கற அர்த்தத்துல காயிதத்துல எழுதிக் குடுத்தாரு. கல்லு மனசுன்னு தோணுதா? பொறு. 1914ல அம்மா வந்த எடத்துல காய்ச்சல்ல படுத்தப்ப ராவும் பகலும் பாத்துக்கினது அதே பிள்ளைதான். 1916ல அம்மா மொத்தமா இங்கியே வந்து சேந்துட்டாங்க. பிள்ளை அம்மா வூட்டுல இருந்தா ஊரு கேக்கும். இங்க அம்மா பிள்ளை வூட்டுல. வூடுன்னா குகை, அப்புறம் மேல ஸ்கந்தாசிரமம். வந்த அம்மா இன்னா பண்ணாங்க? அடுப்பைப் பத்த வச்சாங்க. பிச்சைச் சோறு தின்னுக்கினு இருந்த கூட்டத்துக்கு கொழம்பு வந்துது. ஒரு நாளு அப்பளம் இட ஒத்தாசைக்கு வாடான்னு பிள்ளையைக் கூப்பிட்டாங்க. பிள்ளை அப்பளம் இடலை, அப்பளப் பாட்டுன்னு ஒரு வேதாந்தப் பாட்டே எழுதிட்டாரு.

உன்னையும் உங்கம்மா வடகம் காய வைக்க மொட்டை மாடிக்குக் கூப்பிடறாங்க. நீ வடகமும் தொடறதில்லை, பாட்டும் எழுதறதில்லை. பின்னாடி ஆசிரமத்துல அதே மனுஷன் விடியறதுக்கு முந்தி எழுந்து சமையக்கட்டுல காய் நறுக்கினாரு, சட்னி அரைச்சாரு. உலகம் பூரா வந்து கால்ல வுழுற ஆளு! நீ காப்பி டம்ளரைக் கழுவி வச்சா உன் கம்பெனி பங்கு விலை எறங்கிடாது.

1922 மே 19 அம்மா போயிட்டாங்க. அடிவாரத்துல சமாதி. பிள்ளை ஸ்கந்தாசிரமத்துலேர்ந்து எறங்கி வந்து பாத்துட்டுப் போவாரு. அந்த வருஷம் டிசம்பர்ல ஒரு நாளு எறங்கினவரு மேல ஏறலை, இங்கியே இருந்துட்டாரு. சமாதி மேல போட்ட கீத்துக் கொட்டாய்தான் வளந்து வளந்து இன்னிக்கு நீ பாக்கற ரமணாசிரமம். சமாதி மேல கட்டின மாத்ருபூதேஸ்வரர் கோயிலுக்கு 1949 மார்ச்சுல கும்பாபிஷேகம். தம்பிக்காரரும் சந்நியாசம் வாங்கி நிரஞ்சனானந்த சாமியாகி நிர்வாகம் பாத்தாரு. ஆக, பதினாறு வயசுல வூட்டை விட்டுப் போனவரு 1950 வரைக்கும் குடியிருந்தது அம்மா இருக்கற எடத்துல, தம்பி பக்கத்துல. கூட்டுக்குடும்பம்டா அது!

இன்னொண்ணு கேளு. சொத்துன்னு ஒண்ணு வந்தா கோர்ட்டும் கூடவே வரும். இந்த ஆசிரமம் யாருக்குன்னு 1930கள்ல ஒரு பழைய சிஷ்யரு கேஸு போட்டாரு. கோவணத்தோட உக்காந்திருந்தவரு சாட்சி சொல்ல வேண்டி வந்துது. 1938ல உயில் வேற எழுத வேண்டியதாப் போச்சு. நீ இன்னா, ரெண்டு பெட்ரூம் வாங்கிட்டு நிம்மதியா இருந்துடலாம்னு பாக்கறியா?

சரி, உன் பேப்பரை நீட்டு. முப்பது லட்சம் கடன், எட்டரை வட்டி, இருபது வருஷம். மாசத் தவணை 26,035 ரூபா. இருபது வருஷத்துல நீ கட்டறது 62 லட்சத்து 48 ஆயிரம். அதாவது உனக்கு ஒரு வூடு, பேங்குக்கு ஒரு வூடு. மொத மாசம் கட்டற காசுல 21,250 வட்டிக்கே போயிடும், கடன்ல குறையறது வெறும் 4,785. பாதிக் கடன் தீர்றதுக்கே பதிமூணு வருஷம் பத்து மாசம். அப்ப உனக்கு வயசு நாப்பத்திரண்டு, தலையில முடி இருக்குமோ என்னமோ. கடன் வாங்கறது தப்புன்னு சொல்ல வரலை. சம்பளம் நிலைச்சு, கையில கொஞ்சம் சேந்து, நீ அந்த வூட்டுல குடியிருக்கப் போறன்னா வாங்கு. உன் கம்பெனி நாளைக்கே ஆபீசுக்கு வாடான்னு கூப்பிட்டா நீ பெங்களூருல ஒரு ரூமுக்கு வாடகையும், இங்க பூட்டின வூட்டுக்குத் தவணையும் கட்டுவியே, அதைத்தான் கேக்கறேன். வூட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்னு சொன்ன பெரியவங்க ரெண்டையும் ஒரே வருஷத்துல பண்ணிப்பார்னு சொல்லலை.

கல்யாணம்னதும் முகத்துல வெளிச்சம் வருது பாரு! தரகரு கேக்கற மொத கேள்வி, பையனுக்குச் சொந்த வூடு உண்டா. ரெண்டாவது கேள்வி, தனிக்குடித்தனமா. மாமனாரு கட்டின வூடு வேணும், மாமனாரு வேணாம். பொண்ணு வூட்டையும் குத்தம் சொல்ல முடியாது. வூட்டை விட்டு வர்றது பையனுக்குத்தான் பெரிய சரித்திரம். பொண்ணுங்க எல்லாரும் மேளதாளத்தோட வெளியேறி, வேற ஒருத்தன் அப்பன் வூட்டுலதான் போயி இருக்கறாங்க. உங்கம்மா அப்படி வந்தவங்கதான், உங்க ஆயாவும். அவங்களை எவனும் "தனியா நிக்கப் போறியா, வாழ்த்துக்கள்"னு சொல்லலை. உன் தங்கச்சி சென்னையில ஹாஸ்டல்ல இருந்து வேலைக்குப் போவுது, அதை மட்டும் எப்ப திரும்பி வருவன்னு வாரம் ஒரு தடவை கேக்கறாங்க. 1989லயே நம்ம தமிழ்நாட்டுச் சட்டம் பொண்ணுக்கும் பூர்வீகச் சொத்துல சமபங்குன்னு சொல்லிடுச்சு. உங்க நைனா வூடு பூர்வீகம் இல்லைதான், ஆனாலும் மாடி முழுக்க உனக்குன்னு மனசுல எழுதி வச்சிருந்தா அழிச்சிடு.

சண்டை வரும்னு பயப்படறியா? நம்ம ஊரு அண்ணாமலையாரு வூட்டுலயே தை மாசம் வருஷா வருஷம் சண்டை. அதுக்குன்னு திருவூடல் தெருன்னு ஒரு தெருவே இருக்குது. அம்மன் கோவிச்சிக்கினு கோயிலுக்குப் போயி கதவை சாத்திடுவாங்க. அய்யா ராத்திரி குமரக்கோயில்ல தங்கிட்டு, மறுநாளு மலையைச் சுத்திட்டு வந்து சமாதானம் ஆவாரு. பதினாலு கிலோமீட்டர் நடந்தா கோவம் எறங்கிடும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குது. அவரு ஒரு ராத்திரிக்காக ஃபிளாட் வாங்கலை.

உங்க நைனாவை விட்டுட்டேன்னு நெனைக்காதே, அவருக்கும் குட்டு இருக்குது. பிள்ளை கூடவே இருக்கணும்னு ஆசை, ஆனா பிள்ளை ராத்திரி பத்து மணிக்கு வந்தா கேட்டுகிட்ட நின்னுக்கினு கணக்கு கேக்கறது. நான் கட்டின வூடுன்னு வாரத்துக்கு நாலு தடவை சொல்றது. சட்டமும் அவரு பக்கம்தான், சந்தேகமே வேணாம். தாய் தகப்பன் சொந்தமாச் சம்பாதிச்ச வூட்டுல வயசுக்கு வந்த பிள்ளை அவங்க தயவுலதான் இருக்கலாம், உரிமையா இல்லைன்னு 2016ல டெல்லி ஐகோர்ட்டு சொல்லிடுச்சு. ஆனா தயவுல வளர்ற பிள்ளை முதுகெலும்போட வளராது, அதை உங்க நைனாகிட்ட நான் தனியா சொல்லிக்கறேன்.

அதே சமயம் நீ, இப்பவே வூட்டை என் பேருல செட்டில்மென்ட் எழுதிக் குடுங்கன்னு நைசாக் கேக்கறதா காத்துவாக்குல வந்துது. குடும்பத்துக்குள்ள எழுதினா பத்திரச் செலவு கம்மின்னு காரணம் வேற. கேளு. 2007ல பெத்தவங்க பராமரிப்புச் சட்டம்னு ஒண்ணு வந்துது. பாத்துக்கறேன்னு சொல்லி எழுதி வாங்கிட்டு பாத்துக்காம விட்டா, அந்தப் பத்திரத்தையே ரத்து பண்ணலாம். ஆர்.டி.ஓ. ஆபீசுல மனு குடுத்தாப் போதும். சுப்ரீம் கோர்ட்டும் 2025 ஜனவரியில ஒரு தாயாரு கேசுல அதை உறுதி பண்ணிடுச்சு. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே பிள்ளையா வந்தாருன்னு நம்ம ஊரு ஐதீகம். இன்னிக்கும் மாசி மகத்துல பள்ளிகொண்டாப்பட்டு ஆத்தங்கரைக்குப் போயி அந்த ராஜாவுக்குத் திதி குடுக்கறாரு. ராஜ்ஜியமே கெடைச்ச பிள்ளை இன்னும் கடமையை விடலை. உனக்குக் கெடைக்கப் போறது அரை மாடி.

உன் மாடி வெள்ளைக்காரம்மாகிட்ட கேட்டேன், உங்க ஊருல எப்படின்னு. பதினெட்டுல வெளிய போயிட்டேன்னாங்க. ஊருக்கு ஊரு வேறதான். பின்லாந்துல சராசரியா இருபத்தொண்ணுக்குக் கிட்ட வூட்டை விடறாங்களாம், குரோவேஷியாவுல முப்பதைத் தாண்டுதாம். 2007ல இத்தாலி நிதி மந்திரி ஒருத்தரு, அம்மா வூட்டுலயே கெடக்கற பெரிய பாப்பாங்கன்னு பசங்களைக் கிண்டல் பண்ணி நல்லா வாங்கிக் கட்டிக்கினாரு. மந்திரிக்கும் சித்தப்பன் வாயி! கொரோனா வந்த 2020ல அமெரிக்காவுலயே முப்பதுக்குள்ள இருக்கற பசங்கள்ல பாதிக்கு மேல அப்பன் அம்மா வூட்டுலதான் இருந்தாங்க. வாடகை ஏறினா வீராப்பு எறங்குது, எல்லா நாட்டுலயும்.

இப்ப மனை விஷயம். இதுல வெளையாட்டு கம்மி. நான் மல்லாட்டை போட்ட கொல்லையெல்லாம் இன்னிக்கு "மலை தெரியும் மனை". செங்கம் ரோட்டுல டீ குடிக்கறவனைவிட எடம் காட்டறவன் ஜாஸ்தி. டீ போடறவனே காட்டறான். மலை தெரியுதான்னு பாக்கறத விட, மூலப்பத்திரம் தெரியுதான்னு பாரு. பட்டா யாரு பேருல, கோயில் எடமா, மடத்து எடமா, ஏரிக்கு ஓடற தண்ணி வழியான்னு பாரு. கிரிவலப் பாதையைச் சுத்தி சாமி சொத்து நெறைய. கோயில் நெலத்தைப் பத்திரம் போட விடாம சட்டமே இருக்குது. அங்கீகாரம் இல்லாத மனையைப் பதியக்கூடாதுன்னு 2016 செப்டம்பர்ல ஐகோர்ட்டு தடை போட்டப்ப, அட்வான்ஸ் குடுத்துட்டு முழிச்சவங்களை நான் பாத்திருக்கேன். பத்திரச் செலவையும் மறந்துடாதே. முத்திரைத்தாள் ஏழு பர்சென்ட், பதிவுக்கு ரெண்டு. 40 லட்சத்துக்கு வாங்கினா 3 லட்சத்து 60 ஆயிரம் அங்கியே போயிடும், தரகு தனி. ஃபிளாட்டுன்னா நெலத்துல உனக்கு எவ்ளோ பாகம்னு பத்திரத்துல பாரு, லிஃப்ட்டைப் பாக்காதே.

மலையை ஒட்டி மேடா எடம் காட்டுவான், காத்து நல்லா வரும்பான். 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில வ.உ.சி. நகர்ல மண்ணும் பாறையும் வூட்டு மேல எறங்கி ஏழு பேரு போனாங்க, அதுல அஞ்சு பேரு கொழந்தைங்க. அவங்க வசதியிருந்தும் அங்க போனவங்க இல்லை, எடமில்லாம போனவங்க. அதைப் பத்தி நான் வேற பேசலை.

ஆக, நீ கேட்டதுக்கு என் பதில். வெளிய போவணும்னு இருக்குதா, போ. நாலு தெரு தள்ளி ஒரு ரூம் வாடகைக்கு எடு. கிரிவலக் கூட்டம் வர்ற பௌர்ணமி வாரத்துல வாடகை கேக்காதே, கார்த்திகை தீபம் நெருங்கறப்ப கேக்கவே கேக்காதே. ஒரு வருஷம் உன் துணியை நீயே தொவை, உன் சோத்தை நீயே பொங்கு. அப்பவும் தனியா இருக்கப் பிடிச்சா இரு. பிடிக்கலைன்னா திரும்பி வா, அதுல ஒரு மானக்கேடும் கெடையாது. கூடவே இருக்கறதா இருந்தா அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் உன் செலவு, வாரத்துல ரெண்டு நாளு அடுப்பும் உன்னுது. சித்தப்பன் கேட்டா, நான் வூட்டுல இருக்கலை, பங்கு குடுத்துக் குடியிருக்கேன்னு சொல்லு. வூடு வாங்கறது மூணாவது காரியம், அதுக்கு அவசரமே இல்லை.

அப்படியும் மனை வாங்கற ஆசையை விட மனசு வரலைன்னா, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முந்தி வில்லங்கம் போட்டுப் பாரு. பதிவுத்துறை வெப்சைட்டுல காசு இல்லாமலே பாக்கலாமாம். உங்க நைனா வூட்டு வைஃபையிலயே பாரு, அதுக்கும் பில்லு அவருதானே கட்டறாரு.